வாசற்படியில் நின்று பார்த்தவர்கள்

எங்கள் பாட்டியான நன்னிமா எந்தத் துஆவையும், அதாவது இறைவேண்டலையும், அதன் அரபு முதற்சொல்லால் அழைத்ததில்லை. ‘வாசல் துஆ’, ‘மழை துஆ’, ‘கை ஓய்ந்த தஸ்பீஹ்’ என்று வேளையையும் இடத்தையும் கொண்டு அவராகவே வைத்துக்கொண்ட பெயர்கள்தாம் எங்கள் வீட்டில் வழங்கின. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து, “வாசல் துஆ சொன்னியாம்மா?” என்று குரல் வரும். சொல்லவில்லை என்றால் செருப்பைக் கழற்றி உள்ளே போய், மறுபடி ஒருமுறை வெளியேற வேண்டும். என் மலாய்த் தோழிகள் சமய வகுப்பில் அச்சடித்த தாளைப் பார்த்து மனனம் செய்த துஆக்களை, நான் பினாங்கின் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பாதி வெளிச்சம் மட்டுமே விழும் கடைவீட்டின் படியில் நின்று கற்றேன்.

நன்னிமாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கடைப் பலகையைக்கூட எங்களைப் படிக்கச் சொல்லித்தான் கேட்பார். ஆனால் அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓதுவார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறை, குர்ஆன் ஓதக் கற்ற கண்ணுக்குத் தமிழையும் படிக்கக் கொடுத்தது. பள்ளிக்கூடப் படியேறாத எத்தனையோ முஸ்லிம் பெண்கள் அதன் வழியாகத்தான் மார்க்கச் சட்டமும் நபிமார் வரலாறும் அறிந்துகொண்டார்கள். நன்னிமா 2018இல் மவுத்தான பிறகு அந்தக் கிதாபு என்னிடம் வந்தது. எனக்கு எழுத்து தெரியும், சொல் பிடிபடவில்லை. தெரிந்த ஆலிம் ஒருவர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு துஆவின் ஓரத்திலும் ஒரே ஒரு வரி தமிழ் இருந்தது: ‘இதை அறிவித்தது உம்மு ஸலமா நாயகி’, ‘இதை அறிவித்தது ஆயிஷா நாயகி’, ‘இது பாத்திமா நாயகிக்குச் சொல்லப்பட்டது’. நபிகள் நாயகத்தின் துணைவியரும் மகளுமான இவர்களின் பெயர்கள் என் தோழிகளின் தாளில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து அன்றாட துஆக்களின் அறிவிப்பாளர் யார், நபியவர்களிடம் கண்டதையும் கேட்டதையும் பிறருக்குச் சொன்னவர் யார் என்று தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எல்லாமே பெண்கள் வழியாக வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. முடிவெடுக்கும் முன் நல்லதை வேண்டும் இஸ்திகாரா துஆவை ஜாபிர் (ரலி) அறிவித்தார்கள். உறங்கப் போகும்போதும் விழிக்கும்போதும் சொல்வதை ஹுதைஃபா (ரலி) அறிவித்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஆண்களே அதிகம். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) வாசலைத் தாண்டியபோது வானத்தைப் பார்த்தார்களா தரையைப் பார்த்தார்களா, மேகம் கறுத்தபோது முகம் எப்படி மாறியது, படுக்கையில் உள்ளங்கைகளைச் சேர்த்து என்ன ஓதி ஊதினார்கள் என்பதையெல்லாம் பள்ளிவாசலில் இருந்தவர்கள் பார்த்திருக்க வழியில்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்ததை மறக்காமல் வைத்திருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள்.

‘கை ஓய்ந்த தஸ்பீஹ்’ என்று நன்னிமா சொன்னது பாத்திமா (ரலி) அவர்களுடைய தஸ்பீஹை, இறைவனைத் துதித்து எண்ணிச் சொல்லும் சொற்களைத்தான். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாத்தாவான நன்னத்தா நாசி கண்டார் வியாபாரி. கடை என்று ஒன்று இல்லாத காலத்தில், காவடித்தண்டின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தோளில் சுமந்து துறைமுகப் பக்கம் போய் விற்றவர். அவர் தோளில் ஏற்றியதையெல்லாம் அதற்கு முன் அம்மியில் இறக்கியவர் நன்னிமா. மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள் என்று அதிகாலைத் தொழுகையான சுபுஹுக்கு முன்பே அரைக்க உட்கார்ந்தால் விடிந்து வெகுநேரம் வரைக்கும் குழவி ஓயாது. மிளகாய் ஏறிய உள்ளங்கை இரவெல்லாம் எரியும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, விரல்கணுக்களில் எண்ணி, சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று முடித்துவிட்டுத்தான் கண்ணயர்வார். தஸ்பீஹ் மணி வாங்கிக் கொடுத்தோம். விரல் இருக்கும்போது மணி எதற்கு என்று அதைக் குர்ஆன் பலகைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டார்.

அந்தத் தஸ்பீஹின் பின்னணியை அறிவித்தவர் பாத்திமாவின் கணவர் அலி (ரலி). திரிகை சுற்றிச் சுற்றிப் பாத்திமாவின் கைகள் காய்த்துப்போயிருந்தன. தண்ணீர்த் தோற்பை சுமந்து மார்பில் தழும்பும், வீடு பெருக்கி உடையில் புழுதியும் ஏறியிருந்ததாக இன்னோர் அறிவிப்பு கூறுகிறது. நபியவர்களிடம் போர்க்கைதிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்கு ஓர் ஆள் கேட்கப் போனார் பாத்திமா. தந்தையார் வீட்டில் இல்லை. விஷயத்தை ஆயிஷாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்றிரவு கணவனும் மனைவியும் படுத்த பிறகு நபியவர்கள் வந்தார்கள். எழப் போனவர்களை அப்படியே இருக்கச் சொல்லி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பாதத்தின் குளிர்ச்சியை என் நெஞ்சில் உணர்ந்தேன் என்கிறார் அலி. பிறகுதான், நீங்கள் கேட்டதைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டு, படுக்கைக்குப் போகும்போது சொல்ல வேண்டிய இந்த நூறையும் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லி, ‘நபியின் மகளே வேலைக்காரி இல்லாமல் இருந்தார், நீங்கள் ஏன் முணுமுணுக்கிறீர்கள்’ என்று பெண்களைக் கடிந்துகொள்ளும் பயான்களை, மார்க்கச் சொற்பொழிவுகளைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாத்திமா கேட்டது தவறு என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை. பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் வயிறு ஒட்டிக் கிடக்கும்போது உங்களுக்குக் கொடுக்க இயலாது என்று நபியவர்கள் காரணம் சொன்னதாக மற்றோர் அறிவிப்பு இருக்கிறது. அது பட்டினி கிடப்பவர்களை முன்னிட்டுச் சொன்ன காரணம். மறுத்ததை ஆள் விட்டுச் சொல்லியனுப்பாமல், இரவில் தாமே நடந்து வந்து மகளின் படுக்கையருகே அமர்ந்து சொன்னார்கள். வீட்டில் இருக்கும்போது நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குரிய வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. பயானில் இதையும் சேர்த்துச் சொன்னால் ஆண்களின் வரிசையிலும் கொஞ்சம் தலை குனியும். அலி (ரலி) அன்றிலிருந்து அந்தத் தஸ்பீஹை ஒரு நாளும் விட்டதில்லை என்றார்கள். ஹிஜ்ரி 37இல் நடந்த ஸிஃப்பீன் போரின் இரவிலுமா என்று ஒருவர் கேட்க, ஸிஃப்பீன் இரவிலும்தான் என்றார்கள். மனைவியின் கை காய்த்ததால் கிடைத்த திக்ர், அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்தும் கணவரின் நாவில் இருந்தது.

வேலைநாள் காலைகளில் எனக்குக் கை கொடுப்பது நபியவர்களின் துணைவியருள் ஒருவரான ஜுவைரிய்யா (ரலி) வழியாக வந்த சொற்கள். பனூ முஸ்தலிக் குலத் தலைவரின் மகளாகிய அவர் சுபுஹ் தொழுத இடத்திலேயே திக்ரில் உட்கார்ந்திருந்தபோது நபியவர்கள் வெளியே போனார்கள். வெயில் ஏறி லுஹா நேரத்தில் திரும்பி வந்தால் அதே இடத்தில் அவர் இருக்கிறார். நான் விட்டுப்போன நிலையிலேயே இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, உன்னிடமிருந்து போன பிறகு நான் நான்கு சொற்களை மூன்று முறை சொன்னேன், நீ இன்று சொன்ன அனைத்தோடும் நிறுத்தால் அவையே கனக்கும் என்றார்கள்: ‘ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, அதத கல்கிஹி, வரிளா நஃப்ஸிஹி, வஸினத்த அர்ஷிஹி, வமிதாத கலிமாதிஹி.’ அவன் படைப்புகளின் எண்ணிக்கையளவு, அவன் திருப்தியடையும் அளவு, அவனுடைய அரியணையாகிய அர்ஷின் எடையளவு, அவன் வார்த்தைகளை எழுதும் மையின் அளவு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு சிவப்பு விளக்குக்குள் மூன்று முறை சொல்லி முடித்துவிடலாம். ஆனாலும் ஒன்று தோன்றும்: அந்தச் சுருக்கமான திக்ர் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குத்தான் கிடைத்தது. உட்காரவே செய்யாத நான் அதைக் குறுக்குவழியாக எடுத்துக்கொள்வதில் சிறிது கூச்சம் உண்டு.

மழை துஆ சிறியது. ‘அல்லாஹும்ம ஸய்யிபன் நாஃபிஆ’, இறைவா, பயன் தரும் மழையாக ஆக்குவாயாக என்பது பொருள். அறிவித்தவர் ஆயிஷா (ரலி). அவரே இன்னொன்றையும் கவனித்துச் சொல்லியிருக்கிறார்: வானத்தில் மேகம் திரண்டால் நபியவர்களின் நிறம் மாறும், உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள், மழை பெய்துவிட்டால்தான் அந்தத் தவிப்பு நீங்கும். ஏன் என்று ஆயிஷா கேட்டார். ஆது கூட்டத்தார் மேகத்தைக் கண்டு, நமக்கு மழை தரும் மேகம் என்று மகிழ்ந்தார்களே, அது வேதனையாக இருந்துவிட்டதே என்று பதில் வந்தது. நாங்கள் சிறுவயதில் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மழையில் ஆடப் போய்விடுவோம். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் காற்றும் மழையுமாக விடிய விடியக் கொட்டி, ஊரின் பல பகுதிகளில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. அன்று நன்னிமா மழை துஆவை மாற்றிவிட்டார். ‘அல்லாஹும்ம ஹவாலைனா வலா அலைனா’, எங்களைச் சுற்றிப் பொழியட்டும், எங்கள் மேல் வேண்டாம். அது அனஸ் (ரலி) அறிவித்தது. மழையின் கனத்தைக் காதால் நிறுத்து, எந்த துஆ என்று முடிவெடுத்தவர் என் நன்னிமா.

சாப்பாட்டுக்கு முன் பிஸ்மில்லாஹ் மறந்தவருக்கான ‘பிஸ்மில்லாஹி அவ்வலஹூ வஆகிரஹூ’ என்பதும் ஆயிஷா அறிவித்ததே. நாசி கண்டார் கடையில் தட்டு வந்த வேகத்தில் பாதி இறங்கிவிட்ட பிறகு நினைவு வருகிறவர்களுக்கு இது பெரிய சலுகை. ரமலானின் கடைசிப் பத்தில் நாங்கள் ஓதுகிற ‘அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன், துஹிப்புல் அஃப்வ, ஃபஃபு அன்னீ’ என்ற துஆவும், லைலத்துல் கத்ரு இரவு இதுதான் என்று எனக்குத் தெரிந்தால் என்ன கேட்பது என்று ஆயிஷா கேட்டதால் நமக்குக் கிடைத்தது. கேட்கத் தெரிந்திருப்பதும் ஒரு கல்விதான். 1801ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பும் கூட்டத்தில், எத்தனை பேர் அன்றிரவு மன்னிப்பு ஒன்றையே கேட்கப் போகிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன். என் பட்டியல் எப்போதும் நீளம்.

வீட்டைப் பற்றிய துஆ ஒன்றும் கிதாபில் இருந்தது. ஆனால் அது நபிமொழியாகிய ஹதீஸ் அன்று, குர்ஆன் வசனம். சொன்னவரோ நபியவர்களுக்கு மிக முந்தியவர். ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியா. தஹ்ரீம் சூராவின் 11ஆம் வசனத்தில் அவர் கேட்கிறார்: ‘ரப்பிப்னி லீ இன்தக பைத்தன் ஃபில் ஜன்னா’, என் இறைவா, உன்னிடத்தில் எனக்காகச் சொர்க்கத்தில் ஒரு வீடு கட்டுவாயாக. ‘ஒரு வீடு’ என்பதற்கு முன் ‘உன்னிடத்தில்’ என்ற சொல் வருவதைப் பெரியவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் அண்டைவீட்டாரைத் தேர்ந்துகொண்டவர் என்பார்கள்.

இந்த வசனம் எங்கள் வீட்டில் நுழைந்த ஆண்டு எனக்குத் தெரியும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, வாடகைதாரர்களுக்கு இருந்த கடைசிப் பாதுகாப்பு 1999 முடிவோடு போயிற்று. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாகக் குறைந்த வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பங்கள் 2000இல் மூட்டை கட்டின. வீட்டுக்காரர் கேட்ட புதிய வாடகை எங்கள் தலைக்கு மேல் போனது. அத்தா பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி ஒன்றுக்குப் போனோம். எட்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தெருக்களெல்லாம் உலகப் பாரம்பரியச் சொத்து என்று யுனெஸ்கோ அறிவித்தது. பாரம்பரியமாக அங்கே வாழ்ந்தவர்கள் பலர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தோம். அம்மியை லாரியில் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டார்கள். காலியான வீட்டின் நடுமுற்றத்தில் நின்று நன்னிமா ஆஸியாவின் துஆவை மூன்று முறை ஓதினார். வீட்டுக்காரரைச் சபிக்கவில்லை. அதே மூச்சில், நபியவர்களின் முதல் துணைவி கதீஜா நாயகிக்குச் சொல்லப்பட்ட வீட்டைப் பற்றியும் சொன்னார். ஜிப்ரீல் (அலை) வந்து, கதீஜாவுக்கு அவருடைய இறைவனின் ஸலாமையும் என் ஸலாமையும் சொல்லுங்கள், சொர்க்கத்தில் கூச்சலும் களைப்பும் இல்லாத ஒரு முத்து மாளிகை உண்டென்று நன்மாராயம் கூறுங்கள் என்று நபியவர்களிடம் கூறினார்கள். பேரீச்சந்தோட்டம் பற்றியோ ஆறுகள் பற்றியோ அங்கே பேச்சில்லை. கூச்சல் இல்லை, களைப்பு இல்லை என்ற இரண்டே விவரங்கள். நாற்பது ஆண்டுகள் வண்டிச் சத்தத்துக்கும் அம்மிச் சத்தத்துக்கும் நடுவே வாழ்ந்த நன்னிமா அந்த இரண்டையும் விரலை மடக்கிச் சொன்னார்.

நன்னிமாவின் கிதாபில் அதிகம் வந்த பெயர் உம்மு ஸலமா (ரலி). உள்ளங்களைப் புரட்டுபவனே, என் உள்ளத்தை உன் மார்க்கத்தில் நிலைநிறுத்து என்பதையே நபியவர்கள் அதிகம் கேட்டார்கள் என்று சொன்னவர் அவர். வாசல் துஆவும் அவருடையதே. நபியவர்கள் என் வீட்டிலிருந்து புறப்படும்போதெல்லாம் பார்வையை வானத்தின் பக்கம் உயர்த்தி இதைச் சொல்வார்கள் என்று அறிவிக்கிறார்: ‘அல்லாஹும்ம இன்னீ அஊது பிக அன் அளில்ல அவ் உளல்ல, அவ் அஸில்ல அவ் உஸல்ல, அவ் அழ்லிம அவ் உழ்லம, அவ் அஜ்ஹல அவ் யுஜ்ஹல அலய்ய.’ நான் வழிதவறுவதிலிருந்தும் வழிதவற வைக்கப்படுவதிலிருந்தும், சறுக்குவதிலிருந்தும் சறுக்க வைக்கப்படுவதிலிருந்தும், அநீதி செய்வதிலிருந்தும் அநீதி செய்யப்படுவதிலிருந்தும், அறியாமையாக நடப்பதிலிருந்தும் என்னிடம் அறியாமையாக நடக்கப்படுவதிலிருந்தும் உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன். ஒவ்வோர் இணையிலும் தன்னால் நேரக்கூடியது முதலில் வருகிறது, பிறரால் நேரக்கூடியது அடுத்து வருகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லுவது ‘ஊர் கெட்டுக் கிடக்கிறது, பார்த்துப் போ’ என்பதுதான். இந்த துஆவோ, உன்னால் யாருக்கும் கேடு வந்துவிடாமல் போய் வா என்பதை முன்னே வைக்கிறது.

நன்னிமாவின் ஜனாஸா அன்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதும் உம்மு ஸலமாவின் துஆதான். அவருடைய வாழ்க்கை அதற்கு முன்பே பல பிரிவுகளைக் கண்டது. மக்காவிலிருந்து மதீனாவுக்கு இடம்பெயரும் ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட வழியிலேயே அவரை அவருடைய குலத்தார் தடுத்து நிறுத்தினார்கள். குழந்தையைக் கணவரின் குலத்தார் இழுத்துக்கொண்டார்கள், அந்த இழுபறியில் குழந்தையின் கை பிசகியது. கணவர் தனியே மதீனா போனார். ஏறத்தாழ ஓராண்டு தினமும் ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்து மாலைவரை அழுதார். பிறகு மகனைத் திரும்பப் பெற்று மதீனா சேர்ந்தார். உஹதுப் போரில் பட்ட காயம் மறுபடி திறந்துகொண்டு கணவர் அபூஸலமா இறந்தபோது, அவரிடமிருந்தே கேட்டிருந்த துஆவை உம்மு ஸலமா ஓத வேண்டியிருந்தது: ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன், அல்லாஹும்மஃஜுர்னீ ஃபீ முஸீபத்தீ, வஅக்லிஃப் லீ கைரன் மின்ஹா.’ இறைவா, என் துன்பத்துக்கு நற்கூலி கொடு, இதைவிடச் சிறந்ததை எனக்குப் பகரமாகத் தா.

இதைவிடச் சிறந்தது. அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் என்று தன் மனத்துக்குள் கேட்டுக்கொண்டதை உம்மு ஸலமா மறைக்கவில்லை. முதலில் ஹிஜ்ரத் செய்த குடும்பம் அவருடையதாயிற்றே என்று நினைத்தேன், பிறகு சொன்னேன் என்கிறார். கணவரை இழந்தவர் காத்திருக்கும் காலமான இத்தாவுக்குப் பிறகு நபியவர்களே பெண் கேட்டு வந்ததும், ரோஷக்காரி, வயதானவள், பிள்ளைக்குட்டிக்காரி என்று தன் தடைகளை அவர் எடுத்து வைத்ததும், பின்னர் மணம் நடந்ததும் எல்லோரும் எடுத்துச் சொல்லும் பகுதி. எனக்கு அந்தத் தயக்கம்தான் முக்கியம். கபனிட்ட நன்னிமாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தபோது ‘முஸீபத்தீ’ வரை வந்தது. அதற்கு அப்பால் நா எழவில்லை. நன்னிமாவுக்குப் பகரமாக எதை, யாரை என்று கேட்பது? மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பி, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகு மிச்சத்தைச் சொன்னேன். அதுவும் உம்மு ஸலமா தயங்கினார் என்று தெரிந்திருந்ததால் சொன்னேன். தயக்கத்தை நீக்கிவிட்டு துஆவை மட்டும் அவர் அறிவித்திருந்தால் நான் அன்று வெட்கப்பட்டிருப்பேன்.

சென்ற ஆண்டு என் மகள் கோலாலம்பூரில் படிக்கப் போனாள். சுங்கை நிபோங் பேருந்து நிலையத்துக்குப் போக வண்டி கீழே காத்திருந்தது. பெட்டியை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டு நின்றவளிடம், நானும் ஒரு பழக்கத்தில், “வாசல் துஆ சொன்னியாம்மா?” என்றேன். மலாய்ச் சாயல் கலந்த உச்சரிப்பில் கடகடவென்று ஆரம்பித்தாள். மூன்றாவது இணையில் ‘உழ்லம’ முன்னால் வந்துவிட்டது. நான் கையைக் காட்டி நிறுத்தி, ‘அழ்லிம’ முதலில் என்றேன். “ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் லிஃப்டின் கதவு மூடிக்கொண்டது. கீழே இறங்க இறங்க, அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய சத்தம் மெல்லிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.